பதினேழாவது முட்டை

மூன்று மணி நேரம் சும்மா நிற்பது லேசுப்பட்ட காரியமில்லை. படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, போனை ஹெட்மாஸ்டர் ரூமில் ஒப்படைத்துவிட வேண்டும். நாற்காலி ஒன்று போட்டிருப்பார்கள்தான், ஆனால் பறக்கும் படை வரும் நேரம் பார்த்து அதில் உட்கார்ந்திருந்தால் அன்றைக்குக் கதை கந்தல். இருபது பேர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. தாவரவியல் டீச்சர் சந்தனமாரி இருபத்தோரு வருஷமாக இந்த வேலையைப் பார்க்கிறாள், இன்னும் பழகவில்லை. இன்று ப்ளஸ் டூ துணைத்தேர்வு, தமிழ். இந்த அறை முழுக்கத் தனித்தேர்வர்கள். பத்தே காலுக்கு மணி அடித்ததும் எல்லாத் தலையும் ஒரே சமயத்தில் குனிந்தது. எப்படி இவ்வளவு சட்டென்று ஆரம்பிக்கிறார்கள். மேற்கே எங்கேயோ சாரல் பிடித்திருக்க வேண்டும், ஜூன் மாதக் காற்று சங்கரன்கோவில் வரைக்கும் ஈர வாசனையோடு வந்து ஜன்னல் கதவை ஆட்டிக்கொண்டிருந்தது. தாள்கள் படபடத்தன. ஆளாளுக்கு ஸ்கேலை எடுத்துத் தாளின் மேல் வைத்துக்கொண்டார்கள். தன் வீட்டில் நாலு மாசமாகக் காற்றே இல்லாத அறையில், தாள் ஒன்று அசையாமல் கிடக்க, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு தான் உட்கார்ந்திருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்த மூடியில் இப்போது பல் தடம் மட்டும்தான் இருக்கிறது, பிடி உடைந்துபோயிற்று.

பை ஹெட்மாஸ்டர் ரூமில் இருக்கிறது. பைக்குள் பிளாஸ்டிக் கவரில் அவள் எழுதிய கதை, பத்தொன்பது பக்கம். வட்ட நூலகத்து ஹபீபுல்லா சார் வாசகர் வட்டத்துக்காக வருஷா வருஷம் ஒரு கதைத் தொகுப்பு போடுகிறார், மூன்று வருஷமாகக் கேட்கிறார், இவளும் மூன்று வருஷமாக அடுத்த வருஷம் என்கிறாள். ‘இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன் டீச்சர், அதுக்கு மேல பிரஸ்ஸுக்குப் போயிரும்’ என்று நேற்றுப் போனில் சொன்னார். நேற்று ராத்திரி அவள் கடைசி இரண்டு பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். காலையில் பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டாள்: கதை வரவில்லை சார் என்று சொல்லிவிடுவது, இந்த வருஷத்துக்கு மட்டுமில்லை, மொத்தமாகவே. நாற்பத்தைந்து வயதில் ஒரு மனுஷி ஒரு காரியத்தை விட்டுவிடுவதில் அவமானம் ஒன்றும் இல்லை. தையல் கிளாசை விட்டாள், இந்தி படிப்பதை விட்டாள், யாரும் கேட்கவில்லை. ஆனால் விடுவது என்று நினைத்த மாத்திரத்தில் பரமார்த்தலிங்கம் சார் வந்துவிடுகிறார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் வேலை பார்த்த பழைய பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். எழுதிய முதல் கதையை அவரிடம்தான் கொடுத்தாள், மூன்று நாள் வைத்திருந்தார், டீ இடைவேளையில் திருப்பிக் கொடுத்தார். ‘நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா செடி விளக்கம் மாதிரி இருக்கு.’ வடையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். கெட்ட மனுஷர் இல்லை, மறுநாளே மறந்திருப்பார். இவளுக்குத்தான் பதினோரு வருஷமாக அந்த வடையின் எண்ணெய் கூட மறக்கவில்லை. ஒரு வரி எழுதுவாள், செடி விளக்கம் மாதிரி இருக்கிறதே என்று தோன்றும், அடிப்பாள். மரத்தை எடுத்துவிட்டு மனுஷர்களை மட்டும் எழுதிப் பார்ப்பாள், அதுவும் செடி விளக்கமாகவே வரும். இலை எப்படி, காம்பு எப்படி என்று இருபத்தோரு வருஷம் பிள்ளைகளுக்குச் சொன்ன வாய் வேறு எப்படிப் பேசும்.

பைக்குள் இருக்கும் கதையில் ஒரு பெண் இருக்கிறாள். சாயங்கால பஸ்ஸில் வேலையிலிருந்து திரும்புகிறாள், அவளுடைய ஸ்டாப் வருகிறது, இறங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். பஸ் போகிறது. ரோட்டோரப் புளியமரங்களில் இலைகள் பொழுது சாய்ந்ததும் இரண்டிரண்டாகக் கூம்புகின்றன. அதுவரைக்கும் தடங்கலில்லை. ஏன் இறங்கவில்லை என்ற இடத்தில்தான் நாலு மாசமாகத் தகராறு. முதலில் தூங்கிவிட்டாள் என்று எழுதினாள். பிறகு பழைய சிநேகிதியைப் பார்த்துப் பேச்சில் மறந்துவிட்டாள் என்று எழுதினாள். பர்சைத் தொலைத்துவிட்டாள், மழை பிடித்துக்கொண்டது, எல்லாம் எழுதி எல்லாம் அடித்தாயிற்று. போன ஆவணி மாசத்தில் ஒரு வியாழக்கிழமை. சரி, அது எதற்கு இப்போது. சந்தனமாரி ஜன்னல் பக்கம் நடந்தாள், கொக்கியைப் போட்டாள், காற்று அடங்கவில்லை, திரும்பி வந்தாள். மூன்றாவது வரிசையில் ஒருவர் நிமிர்ந்து மேலே பார்த்து உதட்டை அசைத்தார், செய்யுளை மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறார் போலிருக்கிறது. பெட்ரோல் பங்க் சட்டையோடே வந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் கல்யாணமாகி ஆறு மாசம் இருக்கும் ஒரு பெண், கையில் வளையல் சத்தம் கேட்கக்கூடாதென்று புடவை முந்தானையால் சுற்றியிருந்தாள். இந்த இருபது பேரும் பெரியவர்கள், ஒரு தடவையோ பல தடவையோ தோற்றவர்கள். பேர் தெரியாத யாரோ ஒருவர் திருத்தப்போகிறார் என்று தெரிந்தும் வந்து உட்கார்ந்து குனிந்து எழுதுகிறார்கள். எனக்கு இந்தத் தைரியம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவள் நிஜமாகவே யோசித்தாள்.

கடைசி வரிசையில் ஜன்னலோரம் முத்துப்பேச்சி. ஹால் டிக்கெட் பார்த்தபோது வயது முப்பத்தொன்பது. மணி அடிப்பதற்கு முன்னால் அவளே பேச்சுக் கொடுத்தாள். ‘அங்கன்வாடில உதவியாளரா இருக்கேன் டீச்சர். பன்னெண்டாப்பு பாஸ் பண்ணுனா பணியாளர் போஸ்ட்டுக்கு எழுதிப் போடலாம். எல்லாம் பாஸாயிட்டேன், தமிழுதான் நிக்கி. ரெண்டு தடவ போயிட்டு.’ தமிழில் போய் ஃபெயிலா என்று முன் பெஞ்சுக்காரர் சிரித்ததற்கு அவளும் கூடவே சிரித்துவிட்டு, ஹால் டிக்கெட்டை ஓரம் மடங்காமல் நீவி வைத்தாள். எழுதும்போது பேனாவை விரல் நுனியில் பிடிக்காமல் கரண்டி பிடிப்பது போல முழுக்கையால் பிடித்திருந்தாள். மெதுவாகத்தான் எழுதினாள், ஆனால் நிறுத்தவில்லை. சந்தனமாரி மூன்று நாலு தடவை அந்தப் பக்கம் போனாள். பன்னிரண்டேகால் இருக்கும், காற்று ஒரு தள்ளு தள்ளி அவளுடைய தாளைப் புரட்டிவிட்டது. முத்துப்பேச்சி ஸ்கேலைத் தேடினாள். அந்த ஒரு நிமிஷத்தில், படிக்க வேண்டும் என்று நினைக்காமலே, சந்தனமாரி படித்துவிட்டாள். கடைசிக் கேள்வி, கட்டுரை, ‘ஒரு மழைநாள்’. முத்துப்பேச்சி எழுதியிருந்தது இது:

‘மழை பெய்தால் நான் முதலில் பிள்ளைகளை எண்ணுவேன். எங்கள் மையத்தில் பதினேழு பிள்ளைகள். அன்று பதினாறு பேர்தான் வந்தார்கள். பதினேழு முட்டை அவித்திருந்தேன். மிச்ச முட்டையை ஒரு பிள்ளை கேட்டது. நான் கொடுக்கவில்லை. அந்த முட்டைக்கு ஒரு பெயர் இருந்தது.’

சந்தனமாரி அடுத்த வரிசைக்கு நடந்தாள். கால் நடந்தது, மனசு அங்கேயே நின்றுவிட்டது. அந்த முட்டைக்கு ஒரு பெயர் இருந்தது. எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாள் இந்த மனுஷி. மழை சோவென்று பெய்தது என்று எழுதவில்லை, குடை, காகிதக் கப்பல், மண்வாசனை ஒன்றும் இல்லை. எண்ணினேன், அவித்தேன், கொடுக்கவில்லை. மூன்று காரியம். இதைப் பரமார்த்தலிங்கம் சார் கையில் கொடுத்தால் என்ன சொல்வார், சத்துணவுப் பதிவேடு மாதிரி இருக்கு என்பார். ஆமாம், பதிவேடு மாதிரிதான் இருக்கிறது, அதனால்தான் நிஜமாக இருக்கிறது. தினமும் எண்ணுகிறவளுக்குத்தான் ஒன்று குறைவது தெரியும். அப்படியென்றால் தினமும் இலையைப் பார்க்கிறவளுக்கு இலை கூம்புவது தெரிவதில் என்ன தப்பு. இதைப் பதினோரு வருஷமாக நான் என்னிடம் கேட்கவேயில்லையே என்று அவளுக்குத் தன் மேல் கோபம் கோபமாக வந்தது. கோபத்தோடு பொறாமையும், பொறாமையை விடப் பெரிதாக ஒரு சந்தோஷமும் இருந்தன. முத்துப்பேச்சி கையைப் பிடித்துக்கொண்டு இது ரொம்ப நல்லாயிருக்கு தாயி என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லக் கூடாது. அறைக் கண்காணிப்பாளர் விடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் சஸ்பெண்ட் வரைக்கும் போகும். அப்போது இன்னொன்றும் தோன்றியது. தன் நோட்டையும் யாராவது இப்படிப் படித்திருப்பார்களோ, படித்துவிட்டுச் சொல்ல முடியாமல் நகர்ந்து போயிருப்பார்களோ. அவள் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் ஒரு நாள் அலமாரியில் இன்ஷூரன்ஸ் தாள் தேடியபோது நோட்டு கையில் கிடைத்து, நின்றபடியே இரண்டு பக்கம் படித்ததை அவள் அடுக்களையிலிருந்து பார்த்தாள். இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தார். அன்றிலிருந்து அவள் எழுத உட்கார்ந்தால் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார். அதைக் கவனிக்காத மாதிரியே இருந்துவிட்டாள்.

பன்னிரண்டே முக்கால் மணி அடித்தது. பாதிப் பேர் தலையை நிமிர்த்தினார்கள், சிலர் கையை உதறினார்கள். முத்துப்பேச்சி முன் பெஞ்சுக்காரரின் தாளைப் பார்த்தது சந்தனமாரிக்குத் தெரிந்தது. காப்பியடிக்கிற பார்வை இல்லை அது. அவர் தாளில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்புத் தலைப்பாக, ஒவ்வொன்றின் கீழும் இரட்டைக் கோடு. முத்துப்பேச்சி தன் தாளைப் பார்த்தாள். மறுபடி அவர் தாளைப் பார்த்தாள். பிறகு ஸ்கேலை எடுத்துக் கட்டுரைப் பக்கத்தின் மேல் குறுக்கே வைத்து, மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டாள். அடுத்த பக்கம், இன்னொரு கோடு. சந்தனமாரி கட்டுரையை மட்டும்தான் மாற்றி எழுதப்போகிறாள் என்று நினைத்தாள். ஆனால் கை முன்பக்கங்களுக்குப் போனது. மனப்பாடச் செய்யுள், நெடுவினா, ஒன்றொன்றாகக் கோடு. ஸ்கேல் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு அவசரமில்லாமல், வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறவர்கள் ஜன்னல் ஜன்னலாகச் சாத்துவது போல நகர்ந்தது. எழுதிய விடைகள் எல்லாவற்றையும் தானே அடித்துவிட்டுப் போனால் அது ஒழுங்கீனம், அடுத்த இரண்டு பரீட்சைக்கு உட்கார முடியாது. தேர்வுத்துறை விதி, வெளியே நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறது. ஓடக் கூடாது என்பது மறந்து ஓடினாள்.

‘ஏம்மா, நிறுத்துங்க. என்ன செய்யுதீங்க?’

முத்துப்பேச்சி நிமிரவில்லை. ‘நல்லால்ல டீச்சர். கட்டுரை மாதிரியே இல்ல. என்னமோ கிறுக்கி வச்சிருக்கேன்.’

‘கட்டுரை சரி. மத்ததை ஏன் அடிக்கீங்க?’

‘மூணாவது தடவையும் ஃபெயிலுன்னு வர்றதுக்கு, நானே அடிச்சிட்டேன்னு இருக்கட்டுமே. ஊர்ல கேட்டாச் சொல்லிக்கிடலாம்லா.’

இந்த வாக்கியம் என்னுடையது, எங்கே வைத்து இவள் எடுத்தாள் என்று சந்தனமாரிக்குத் திடுக்கென்றது. எத்தனை ராத்திரி இதே நியாயத்தைச் சொல்லிக்கொண்டு ஸ்கேலை எடுத்திருக்கிறாள். யாரோ அடிப்பதற்கு முன்னால் நானே அடித்துவிட்டால் வலிக்காது என்ற நினைப்பு. வலிக்காமலா இருந்தது. வாயைத் திறந்தாள். நல்லாயிருக்கு என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கினாள். ‘எல்லாத்தையும் அடிச்சா ரெண்டு பரீட்சை எழுத விடமாட்டாங்க. அது ரூல். அதைச் சொல்லத்தான் வந்தேன்,’ என்றாள். பிறகு நிறுத்த முடியாமல், குரலைத் தாழ்த்தி, ‘நல்லாயிருக்கா இல்லையான்னு பாக்கதுக்கு வேற ஆளு போட்டிருக்காங்க. அவங்க வேலைய நீங்க ஏன் பாக்கீங்க? உங்க வேலை எழுதுறது. இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் கெடக்கு, பின்னால வெள்ளைப் பக்கமும் கெடக்கு,’ என்றாள். முன் பெஞ்சுக்காரர் திரும்பிப் பார்த்தார். ‘நீங்க உங்களதை எழுதுங்க சார்.’ முத்துப்பேச்சி ஸ்கேலைக் கீழே வைக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு அடிக்காமல் தப்பிய பக்கங்களை எண்ணிப் பார்த்தாள். கண்ணைத் துடைக்கவில்லை, மூக்கை மட்டும் முந்தானையில் துடைத்துக்கொண்டு, பின்னால் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திருப்பி, பேனாவைக் கரண்டி பிடிப்பது போலப் பிடித்து, குனிந்தாள்.

அந்த இருபத்தைந்து நிமிஷம் சந்தனமாரி நாற்காலிக்கும் போகவில்லை, கடைசி வரிசைக்கும் போகவில்லை. போனால் படித்துவிடுவோம் என்று பயம். முன்னுரை என்று தலைப்புப் போட்டு மழை சோவென்று பெய்தது என்று எழுதிவிட்டாளானால், அந்த முட்டை போய்விடும், அதற்கு நான்தான் காரணம் என்று இன்னொரு பயம். அடித்த கோட்டுக்கு அடியிலேயே விட்டிருந்தால் அந்த முட்டை அங்கேயாவது கிடந்திருக்கும். இல்லை, கிடந்தென்ன, ஒருவரும் படிக்காமல். கரும்பலகையைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள், வராந்தாவில் ஓர் அணில் போனதைப் பார்த்தாள். தூரத்திலிருந்தே, குனிந்திருந்த முத்துப்பேச்சியின் முதுகைப் பார்த்தாள். அந்த முதுகு நிமிரவேயில்லை. சேலை விலகியதைக்கூடச் சரி செய்யாமல் எழுதிய அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க, கும்பிட வேண்டும் போலிருந்தது. இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை தன்னையே தான் பாதி அடித்துவிட்டு, ஒருத்தி மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கிறாள். இதற்கு மேல் எழுத்தாளர் என்று யாரைச் சொல்வது. மணி அடித்தது. தாள்களை வரிசையாக வாங்கிக்கொண்டு வந்தாள். கடைசித் தாளைக் கையில் வாங்கியபோது கண் தானாகப் போய்விட்டது. தலைப்பு இல்லை, கோடு இல்லை. மழை பெய்தால் நான் முதலில் பிள்ளைகளை எண்ணுவேன். முட்டையும் பெயரும் இருந்தன. அதற்கு அப்புறம் இரண்டு வரி புதிதாக: ‘முட்டையை மடியில் கட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். ஓடையில் இடுப்பளவு தண்ணீர்.’ அவ்வளவுதான், நேரம் முடிந்துபோயிருந்தது.

கட்டுகளை ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டு, பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது முத்துப்பேச்சி குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். ஒப்படைத்தாயிற்று, இனிப் பேசினால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது. நல்லாயிருந்துச்சு என்று சொல்லத்தான் போனாள். வாயில் வந்தது வேறு.

‘அந்த முட்டைய என்ன செஞ்சீங்க?’

முத்துப்பேச்சி கை ஈரத்தோடு நின்றாள். ‘படிச்சீங்களா டீச்சர்?’ என்றாள், கொஞ்சம் வெட்கமாக. ‘அவன் பேரு இசக்கிராஜா. வீடு பூட்டிக் கெடந்துச்சு. குடும்பத்தோட திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டாங்களாம், யார்ட்டயும் சொல்லல. முட்டைய வச்சிக்கிட்டு ஓடைக்கரைல நின்னேன்.’ கையைச் சேலையில் துடைத்தாள். ‘நானே தின்னுட்டேன் டீச்சர். காலைலருந்து ஒண்ணும் சாப்பிடல. அழுகையும் வருது, பசிக்கவும் செய்யுது. நின்னுக்கிட்டே தின்னேன்.’

‘அதை ஏன் எழுதல?’

‘நேரம் இல்ல.’ பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, ‘நேரம் இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். அதெல்லாம் எழுதலாமா டீச்சர்?’

சந்தனமாரி சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள். போன ஆவணி மாசம் ஒரு வியாழக்கிழமை, வேலை முடிந்து வந்த பஸ்ஸில், தன் ஸ்டாப்பில் இறங்காமல் ராஜபாளையம் வரைக்கும் போனாள். தூங்கவில்லை, சிநேகிதி யாரும் இல்லை, மழையும் இல்லை. அங்கே பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து, டயர் பஞ்சர் என்று வீட்டில் சொன்னாள். அவளை யாரும் அடித்ததில்லை, வைததில்லை, ஆவுடையப்பன் தங்கமான மனுஷர். அன்றைக்கு வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எழுதினால் அது நீயா என்று ஒருவர் கேட்பாரே என்றுதான் தூக்கமும் சிநேகிதியும் மழையும். பாவம், பரமார்த்தலிங்கம் சார் தலையிலே அத்தனை பழியையும் போட்டாயிற்று.

‘எழுதலாம்,’ என்றாள் சந்தனமாரி. ‘அதைத்தான் எழுதணும்.’

முத்துப்பேச்சி தலையாட்டிக்கொண்டு, மூன்று மணி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கேட்டைத் தாண்டிப் போனாள். சந்தனமாரி வராந்தாவில் கிடந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கவரைப் பிரித்து, அடித்த இரண்டு பக்கத்தையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, வெள்ளைத்தாளில் எழுதத் தொடங்கினாள். ‘அவளுக்கு வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. காரணம் என்று ஒன்றும் இல்லை.’ காற்று தாளைத் தூக்கியது, முழங்கையை ஊன்றிக்கொண்டாள். புளிய இலைகள் வந்தன, இரண்டிரண்டாகக் கூம்பின, கூம்பட்டும் என்று விட்டுவிட்டாள். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. சாவிக்கொத்துச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். வாட்ச்மேன் வந்து நின்றார்.

‘பரீட்சை முடிஞ்சு எல்லாரும் போயாச்சே டீச்சர். ஏதும் ரிப்போர்ட்டு எழுதணுமா?’

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். இத்தனை வருஷமும் யார் கேட்டாலும் அப்படி ஏதாவது ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறாள்.

‘இல்ல அண்ணாச்சி,’ என்றாள். ‘கதை எழுதுதேன்.’

அவர் அவளையும் தாளையும் ஒரு தடவை பார்த்தார். ‘சரி, எழுதுங்க. நான் மேல ரூமெல்லாம் பூட்டிட்டு வாரேன்,’ என்று படியேறிப் போனார். அவள் அடுத்த வரியை எழுதினாள்.